அந்த ஏழு பின்களை எடுத்தது நான் அல்ல

போன மாதம் முருகவேல் என் வீட்டுக்கு வந்தார். விழுப்புரத்தில் கார் ஒயரிங் கடை வைத்திருப்பவர், நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் கையில் கொடுத்தார். உள்ளே மெல்லிய எஃகுக் குழாய்களும் தகடுகளும் ஒரு வளையத்தில் சாவிக்கொத்துப் போலக் கோத்துக் கிடந்தன.

"இது இன்னான்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வாய் ஓரம் மழுங்கத் தேய்த்திருந்தது. "பின் எடுக்கற குழாய்தானே? இத கடையில விக்கறாங்களா?" என்று கேட்டேன்.

"எல்லா சைஸும் விக்கறாங்க ஐயா. நீங்க அந்தக் காலத்துலயே கையால பண்ணி, அந்த மாட்டாஸ்பத்திரி வண்டிய ஓட வச்சீங்கன்னு சொல்வாங்களே, அத ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க. எங்க சங்கத்து மலர்ல போடறோம். அன்னிக்கே உங்களுக்கு ஒரு பொன்னாடையும் போத்தணும்னு பசங்க ஆசைப்படறாங்க."

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர்கள் கேள்விப்பட்ட மாதிரி எழுத முடியாது. இதை நான் முன்பே பலரிடம் வாயால் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பிற்பாடு நான் வேலை பார்த்த பஸ் கம்பெனிப் பணிமனையில் சொன்னபோது சிரித்தார்கள். ஏழுமலை அடக்கமான மனுஷன், அதனால் அப்படிச் சொல்கிறான் என்று தோளில் தட்டினார்கள். எழுத்தில் வந்தால் நம்புவார்களோ என்னவோ. முருகவேல் இதை ஒரு வரியும் விடாமல் போட வேண்டும். பொன்னாடையைப் பற்றி அப்புறம் யோசித்துக்கொள்ளட்டும்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். வண்டியில் ஒரு கூட்டம் ஒயரும் இன்னொரு கூட்டம் ஒயரும் சேருகிற இடத்தில் ஒரு பிளக் இருக்கும். ஒவ்வொரு ஒயரின் நுனியிலும் ஒரு பித்தளைப் பின் இருக்கும். அந்தப் பின்னின் இடுப்பில் மீன் செவுள் மாதிரி ஒரு சின்ன நாக்கு. பின்னைத் துளைக்குள் செலுத்தும்போது நாக்கு மடிந்து, உள்ளே போனதும் விரிந்துகொள்ளும். பிறகு இழுத்தால் வராது. நாக்கை மறுபடி மடக்கினால்தான் வரும். வண்டி பழசாகி, உப்புக் காற்றோ பேட்டரி அமிலமோ பட்டுப் பச்சைக் களிம்பு ஏறிவிட்டால், நாக்கும் துளையும் ஒன்றாக இறுகிவிடும். அதற்குப் பிறகு அந்தப் பின்னை எடுப்பது பெரிய பாடு.

நான் கோலியனூர்க்காரன். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. மல்லாட்டையும் கேப்பையும் போடுவார். ஒரு ஜோடி மாடு இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்று, விழுப்புரத்தில் ஒரு லாரி ஷெட்டில் ஐந்து வருஷம் கிடந்து டைனமோ, செல்ஃப் மோட்டார், பேட்டரி எல்லாம் பழகினேன். ஐம்பதுகளின் நடுவில், இருபத்து நாலு வயதில், திண்டிவனத்தில் அருளப்பன் அண்ணன் கடைக்கு நல்ல எலெக்ட்ரீசியன் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்போடுதான் போனேன்.

அருளப்பன் அண்ணன் தடித்த மனிதர். டைனமோவைக் குழந்தையைத் தூக்குவது போல இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார். கடையின் பின்பக்க அறையில், ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. அதில் அவருடைய தங்கை செசிலி வேலை பார்த்தார். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், பதினேழு பதினெட்டு வயதில், பட்டாளத்து ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்து, மூன்று வருஷம் வண்டி ஒயரும் ரேடியோ ஒயரும் பழுது பார்த்தவர். சண்டை முடிந்ததும் பெண்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர் அண்ணன் கடையில் உட்கார்ந்துவிட்டார். கடைக்கு வருகிறவர்கள் அவரை செசிலிம்மா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட மூத்தவர், அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம். ஏனோ கூப்பிடவில்லை.

முதல் நாளே மரக்காணத்து உப்பு லாரி ஒன்று வந்தது. பின்விளக்கு எரியவில்லை. பிளக்கைக் கழற்றினேன். ஒரு பின் சிக்கியிருந்தது. குறட்டால் ஒயரைப் பிடித்து ஓங்கி இழுத்தேன். ஒயர் வந்துவிட்டது. செசிலி உள்ளே இருந்து வந்து என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"கம்பி வந்துடுச்சி. பின்னு எங்க?"

"உள்ளதாங்க இருக்குது."

"அப்ப நீ இன்னாத்த எடுத்த?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். பதிலுக்காக நின்றார். பிளக்கை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

அவர் வேலை செய்கிற விதத்தை இங்கே முறையாகச் சொல்லிவிடுகிறேன், இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பயன்படும். முதலில் பார்ப்பார். ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். எந்தத் துளையில் என்ன நிறத்து ஒயர் என்று ஒரு தாளில் வட்டம் போட்டுக் குறித்துக்கொள்வார். ஒயரெல்லாம் கறுத்துப்போய் நிறம் தெரியாமல் இருந்தால், ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூலைக் கட்டுவார். அதற்குப் பிறகுதான் தொடுவார். வெள்ளைப் பூப் பூத்திருந்தால் அமிலம். அதற்கு சமையல் சோடா கலந்த வெந்நீர். பச்சையாக இருந்தால் களிம்பு. அதற்குப் புளித்தண்ணீர், துளைக்கு ஒரு சொட்டு, கோழி இறகால். ஊறியதும் வெறும் வெந்நீரில் அலசி, வெயிலில் வைத்துவிடுவார். ஈரம் போனதும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பிறகு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இங்கேதான் பாதிப் பேர் தோற்றுப்போவார்கள். அந்த ஒரு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியாது.

எடுக்கும்போது இழுக்கவே மாட்டார். பின்பக்கத்தில் ஒயரைப் பிடித்து, பின் ஏற்கெனவே இருக்கிற திசையிலேயே இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளுவார். நாக்கு தான் முட்டிக்கொண்டிருக்கிற விளிம்பை விட்டு ஒரு மயிரிழை விலகும். அந்த நேரத்தில் முன்பக்கத்திலிருந்து ஒரு குழாயைப் பின்மேல் செலுத்துவார். குழாய் நாக்கை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஒயரை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தால் பின் தானாக வரும். அந்தக் குழாய் வேறொன்றும் இல்லை, மாட்டுக்கு ஊசி போடுகிற தடித்த ஊசி. கூர் முனையை அராவி மழுங்க வைத்து, உள் ஓரத்தைச் சாணைக்கல்லில் தேய்த்து அவரே செய்தது. பட்டாளத்தில் இதற்கென்று கருவி இருந்ததாம். இங்கே கிடைக்காது என்று ஊசியைப் பிடித்தார்.

நான் அங்கே சேர்ந்து ஆறேழு மாதம் இருக்கும். ஒரு ரைஸ் மில் முதலாளி தன் காரை ஸ்விட்ச் வேலைக்கு விட்டிருந்தார். மாலையில் வந்தவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அவருடைய காரின் ஸ்விட்ச் செசிலி மேஜையில் பிரித்துக் கிடந்தது.

"இன்னா அருளப்பா, பொம்பள கையில குடுத்துட்ட? நாளைக்கி மேல்மருவத்தூராண்ட நடு ரோட்டுல நின்னுச்சின்னா நீயா வந்து தள்ளுவ?"

பிரித்ததைப் பிரித்தபடியே ஒரு துணியில் கட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர் வரவில்லை. அதற்கப்புறம் அருளப்பன் அண்ணன் அந்த அறைக்கு ஒரு திரை போட்டார். யாராவது கேட்டால், "நம்ம ஏழுமலதான் பண்ணான்" என்று சொல்ல ஆரம்பித்தார். முதல் தடவை அவர் அப்படிச் சொன்னபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. திரைக்குப் பின்னால் செசிலி அராவிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. பத்தாவது தடவை கூச்சம் போய்விட்டது. திண்டிவனத்தில் என் பேர் பரவியது.

இனி அந்த வண்டி.

கால்நடை டாக்டர் ஒருவர் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து ஊர்களுக்கு எல்லாம் ஒரு வேனில் போய் மாடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய வண்டி அது. அந்த வருஷம் கோடையில் வெக்கை நோய் வந்தது. இப்போதைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. ஒரு மாட்டுக்கு வந்தால் தெருவே காலியாகிவிடும். வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீராகக் கழிந்து, நாலைந்து நாளில் படுத்துவிடும். கெடார்ப் பக்கம் ஆரம்பித்துவிட்டது என்று அப்பாவிடமிருந்து எனக்குத் தகவல் வந்திருந்தது. கெடாருக்கும் எங்கள் ஊருக்கும் அதிக தூரம் இல்லை. அந்த ஜோடி போனால் எங்கள் வீட்டில் ஏர் ஓட்ட வேறு வழி இல்லை.

அந்த நேரத்தில் வேன் நின்றுவிட்டது. யாரோ ஒரு மெக்கானிக் முந்தின மாதம் கைவைத்து, எஞ்சினுக்கும் டிரைவர் இருக்கைக்கும் நடுவில் இருக்கிற தகரச் சுவரில் பொருத்தியிருந்த ஏழு பின் பிளக்கில் ஒரு ஒயரை ஒட்ட வெட்டி, வேறு ஒயரோடு முறுக்கிவிட்டிருந்தார். புகை கிளம்பி, பக்கத்து ஒயர்களின் ரப்பர் உருகிவிட்டது. பிளக்கையே தூக்கிப் போட்டுவிட்டு நேராக ஒயரைச் சேர்க்கலாம் என்றால், எந்த ஒயரும் விரல் நீளத்துக்கு மேல் மிச்சம் இல்லை. எது எதற்கு என்றும் தெரியாது. பின்களை எடுத்து, புது ஒயர் வைத்து, அதே துளையில் திரும்பப் போட வேண்டும். வேறு பிளக் எங்கேயும் கிடைக்காது.

டாக்டர் ஒல்லியான மனிதர், மெதுவாகப் பேசுவார். "மருந்து ஐஸ் பெட்டியில வருது. சனிக்கிழமை காலையில வண்டி கிளம்பணும். மாட்டு வண்டியில எடுத்துட்டுப் போனா பத்து மணிக்குள்ள ஐஸ் கரைஞ்சிடும், மருந்து வீண்" என்றார். அன்று புதன்கிழமை.

வேனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு வந்தோம். வேனை நிறுத்தியிருந்த பின்கட்டில் யாரும் வர மாட்டார்கள் என்பதால் செசிலியே வண்டிக்குள் ஏறிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

"இத எனக்குத் தெரியும். இந்த மாதிரி எத்தன பாத்துருக்கேன்" என்றார்.

புதன்கிழமை முழுக்க அவர் தாளில் குறித்ததும் ஊற வைத்ததும்தான். வியாழக்கிழமை காலையில் ஊசியை எடுத்தார். முதல் பின் கால் மணி நேரத்தில் வந்தது. வந்த பின்னை அப்படியே டப்பாவில் போடவில்லை. நாக்கு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று தாளில் அந்தத் துளைக்கு ஒரு அம்புக்குறி போட்டார். எதற்கு என்று கேட்டேன். "தெரியல. குறிச்சி வச்சா எதுக்காவது ஆவும்" என்றார். மத்தியானத்துக்குள் நாலு வந்தன. ஐந்தாவதுக்கு மறுபடி புளித்தண்ணீர் வைக்க வேண்டியிருந்தது. ஆறாவது வெள்ளிக்கிழமை காலையில் வந்தது.

ஏழாவதுதான் அந்த மெக்கானிக் வெட்டின ஒயர். அவர் சுத்தியலால் தட்டிப் பார்த்திருக்கிறார் போலும். முன்பக்கத்தில் பின்னின் நுனி துளை மட்டத்துக்கு உடைந்திருந்தது. பின்பக்கத்தில் பிடித்துத் தள்ள ஒயர் இல்லை. பாதிப் பக்கம் நசுங்கியிருந்ததால் ஊசிக் குழாய் அதன்மேல் ஏறவில்லை. செசிலி இரண்டு மணி நேரம் முயன்றார். பிறகு பிளக்கைக் கீழே வைத்துவிட்டு, முழங்கையை மேஜையில் ஊன்றி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"துளை போட்டுடலாங்களா?" என்றேன்.

"போட்டா வெடிச்சிடும். எலும்பு மாதிரி ஆயிடுச்சி இது."

எனக்குக் கோலியனூர் மாடுகளின் முகம்தான் கண்ணில் நின்றது. "அப்ப ஆவாதுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு அந்தத் தாளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். ஆறு துளைகளுக்கும் போட்டிருந்த அம்புகள் எல்லாமே நடுவில் இருந்த ஸ்க்ரூவைப் பார்த்திருந்தன.

"இதுவும் நடுவத்தான் பாத்துக்கினு இருக்கும். சுத்தியும் மடக்க வேணாம். அந்த ஒரு பக்கம் மட்டும் போதும்" என்றார். "நீ ஜல்தியா போயி டாக்டர் கிட்ட இன்னொரு ஊசி வாங்கிக்கினு வா."

சைக்கிளில் போய் வாங்கி வந்தேன். அந்த ஊசியை நீளவாட்டில் அராவி, குழாயில் பாதியை எடுத்துவிட்டார். வாய்க்கால் மாதிரி ஒரு மெல்லிய தகடு மிஞ்சியது. நகத்தில் வைத்து வளைத்துப் பார்த்தார்.

"ஏழுமல, நீ பின்பக்கம் பிடி. இந்த லேஸ் பின்ற கொக்கி ஊசிக் காம்ப துளையில வச்சி பின்ன முன்னால தள்ளிக்கினே இரு. நான் சொல்ற வரைக்கும் விடாத. ஜாஸ்தியும் தள்ளாத."

பிளக்கின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் நான். நடுவில் ஒரு சாண் இருக்கும். ஜன்னல் வெளிச்சம் அவருடைய இடது கன்னத்தில் விழுந்தது. மூச்சு விட்டால் கை அசையும் என்று இரண்டு பேரும் மூச்சை அடக்கி அடக்கி விட்டோம். கொஞ்ச நேரத்தில் அவர் மூச்சும் என் மூச்சும் ஒன்றாக வந்தன. தெருவில் ஒரு ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. அரை மணியோ முக்கால் மணியோ இருக்கலாம். என் தோள் எரிந்தது. ஆனால் அது முடிந்துவிடக் கூடாது என்றும் இருந்தது. மாடுகளை நினைத்தால் சீக்கிரம் வர வேண்டும். எனக்காக நினைத்தால் வராமல் இருக்கட்டும். இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

"விடு" என்றார்.

காம்பை எடுத்தேன். அவர் தகட்டைத் துளி அழுத்தினார். பின் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஒரு கேப்பைத் தட்டையின் துண்டு அளவுகூட இருக்காது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் எழுந்து போய் முகம் கழுவினார்.

அன்று மாலைக்குள் பின்களை எல்லாம் தேய்த்து, நாக்குகளை பிளேடால் மெல்ல நிமிர்த்தி, புது ஒயர் பற்றவைத்து, தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் துளையில் செலுத்தினார். ஒவ்வொன்றும் 'டிக்' என்று உட்கார்ந்தது. ஏழாவதுக்கு மட்டும் தேடிப் பிடித்த ஒரு பித்தளைக் கம்பியில் புதுப் பின் செய்தார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு டாக்டர் வந்தார். ஸ்டார்ட்டரை ஒரு தடவை அழுத்தியதுமே எஞ்சின் கிளம்பியது. ஹாரன் அடித்தது. விளக்கு எரிந்தது. டாக்டர் வண்டியைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"யார் பண்ணது இது?" என்றார்.

"எல்லாம் நம்ம ஏழுமலதாங்க" என்றார் அருளப்பன் அண்ணன், வழக்கம்போல.

செசிலி பின்கட்டு வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் ரைஸ் மில் முதலாளி மாதிரி ஆள் இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் உள்ளே போய்க் கைகூப்பியிருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும்.

வண்டி கெடாருக்கும் கோலியனூருக்கும் போனது. எங்கள் மாடுகளுக்கும் ஊசி போட்டார்கள். கெடாரில் நிறைய மாடு போயிற்று, எங்கள் ஊரில் தப்பின. நான் ஊருக்குப் போனபோது அப்பா ஒவ்வொரு வீட்டிலும் நிறுத்தி, "என் மவன் ஓட வச்ச வண்டிதான்" என்று சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

டாக்டருக்குத் தெரிந்த ஒருவர் விழுப்புரத்தில் பஸ் கம்பெனி வைத்திருந்தார். டாக்டர் கொடுத்த கடிதத்தால் எனக்கு அங்கே ஹெட் எலெக்ட்ரீசியன் வேலை கிடைத்தது. செசிலியிடம் போய்ச் சொன்னேன்.

"போ. பெரிய எடம். நல்லா இரு" என்றார். அந்த நேரத்தில் அவர் ஒரு விளக்கு ஸ்விட்ச்சை மூடிக்கொண்டிருந்தார். ஸ்க்ரூவை இறுக்கி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

பஸ் கம்பெனியில் எனக்கு 'பின்' ஏழுமலை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. போன புதிதில், மழையில் நனைந்த ஒரு பஸ்ஸின் பிளக்கில் ஒரு பின் நிஜமாகவே வரவில்லை. அதைத் துணியில் சுற்றிக்கொண்டு ரயிலேறித் திண்டிவனம் போனேன். செசிலி எடுத்துக் கொடுத்தார். டீ போட்டார். பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். அடுத்த மாதமும் போனேன். பிறகு வாராவாரம் போனேன். சிக்கின பிளக் கிடைக்காத வாரத்தில் நல்ல பிளக்கை எடுத்துக்கொண்டு போனேன்.

ஒரு தடவை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சும்மாவே வந்துடுமே ஏழுமல."

"எனக்கு வரலீங்க" என்றேன்.

ஊசியை எடுத்தார், நூலைக் கட்டினார், தாளில் வட்டம் போட்டார். இரண்டு நிமிஷத்து வேலையை ஒரு மணி நேரம் செய்தார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

அருளப்பன் அண்ணனுக்கும் தெரிந்திருக்கும். யாரும் எதுவும் பேசவில்லை. பேசி என்ன ஆகும்? அவர்கள் சேரியிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் ஊர்க் கிணற்றில் அவர்கள் இனத்தார் தண்ணீர் சேந்த முடியாத காலம் அது. அவரோ என்னைவிட ஆறு வயது மூத்தவர். அதையெல்லாம் மீறுகிற ஆள் நான் இல்லை என்பதை அந்தச் சனிக்கிழமை காலையிலேயே காட்டிவிட்டேன்.

வீட்டில் பெண் பார்த்தார்கள். சரோஜாவைக் கட்டிக்கொண்டேன். நல்லவள். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு வாழ்ந்து, போய்ச் சேர்ந்துவிட்டாள். கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கப் போனபோது செசிலி அதை மேஜையில் வைத்துக்கொண்டு, "இனிமே ஞாயித்துக்கெழமையில அலையாத. வூட்டுல இரு" என்றார். அதோடு போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஏழெட்டு வருஷம் ஆனது. அறுபதுகளின் பாதியில் அருளப்பன் அண்ணனிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. நெஞ்சு வலி வந்து கடையைக் கொடுத்துவிட்டாராம். திருச்சிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் பெண் பிள்ளைகளுக்கு ரேடியோ வேலை சொல்லிக் கொடுக்க செசிலியைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். செவ்வாய்க்கிழமை காலை வண்டியில் போகிறாள், முடிந்தால் ஸ்டேஷனில் பார் என்று எழுதியிருந்தார்.

விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். நான் அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். நடுப்பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது. மடியில் ஒரு தகரப் பெட்டி.

"வந்துட்டியா" என்றார்.

"சாப்பிட்டீங்களா? இட்லி வாங்கட்டுங்களா?"

"வேணாம். டீ வாங்கு."

ஸ்டாலில் கண்ணாடி கிளாஸில் டீ வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். கடைக்காரன் பின்னாலேயே வந்து, "கிளாஸு பத்திரங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அவர் இரண்டு வாய் குடித்தார். நான் சொல்ல வந்ததை இன்னும் சொல்லவில்லை. எஞ்சின் பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. வண்டி கிளம்பிவிடும் என்று அப்போதுதான் பயம் வந்தது.

"அன்னிக்கி டாக்டர் கேட்டப்ப நான் சொல்லி இருக்கணுங்க."

எந்த டாக்டர், என்ன என்று அவர் கேட்கவில்லை.

"ஆமா. சொல்லி இருக்கணும்" என்றார்.

பிறகு அவரே சொன்னார்: "அண்ணன் சொன்னதுல எனக்கு ஒண்ணும் இல்ல. அவன் எப்பவும் அப்பிடித்தான் சொல்லுவான். நீ திரும்பி என்னப் பாத்த. பாத்துட்டுத் தலையக் குனிஞ்சிக்கின. அதான்."

"கோவமா இருந்தீங்களா?"

"இருந்துச்சி. ரொம்ப நாளு இருந்துச்சி. ஆனா நீ வாரா வாரம் எதையாவது துணியில சுத்திக்கினு வந்து எதிரால குந்திக்கினு இருப்ப. எப்பிடிக் கோவமா இருக்கறது சொல்லு."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், தொடவில்லை.

"பசங்களுக்குச் சொல்லித் தரப் போறீங்களே, பயமா இல்லீங்களா?" என்று எதையோ கேட்டேன்.

"எனக்கு இன்னா பயம். அங்க திரை இருக்காது இல்ல?" என்றார்.

ரயில் கார்டு பச்சைக் கொடியை விரித்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். அவர் கிளாஸை ஜன்னல் வழியாக நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நடையைக் கூட்டினேன், ஓடினேன், பிளாட்பாரம் முடிந்தது. அவர் கையை ஆட்டவில்லை. தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார். அப்புறம் நான் அவரைப் பார்க்கவே இல்லை.

ஸ்டால்காரன் கிளாஸுக்காகக் கையை நீட்டிக்கொண்டு வந்தான். அதில் பாதி டீ இருந்தது. இன்னும் சூடாக இருந்தது. ஸ்டேஷனில் தெரிந்தவர்கள் நாலு பேர் நின்றார்கள். அவர் குடித்து மீதி வைத்த டீயை அவர்கள் எதிரிலேயே குடித்துவிட்டு, கிளாஸை அவனிடம் கொடுத்தேன்.